ஜாவாவில் செக்யூரிட்டி மேனேஜரைத் தூக்கிவிட்டால் பாதுகாப்பு குறையாதா?

குறையாது. ஒரு நிரல் ஃபைலைத் தொடலாமா, நெட்வொர்க்குக்குப் போகலாமா என்று ஜாவாவுக்குள்ளேயே அனுமதி பார்க்கும் பகுதிதான் செக்யூரிட்டி மேனேஜர். பெரும்பாலானோர் அதை ஒருநாளும் போட்டதே இல்லை. சாதாரணமாக ஒரு ஜாவா நிரலை ஓட்டினால் அது அணைந்தேதான் இருக்கும், வேண்டுமென்றால் நாம்தான் இயக்க வேண்டும்.

இயக்கிப் பார்த்த சிலரில் நானும் ஒருவன். சில வருடங்களுக்கு முன், மாணவர்கள் அனுப்பும் நிரல்களை ஓட்டி மதிப்பெண் போடும் ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். எல்லாம் ஒரே ஜேவிஎம்முக்குள், அதாவது ஜாவா நிரலை ஓட்டும் ஒரே இயந்திரத்துக்குள். முதல் வாரமே ஒரு பையன் கடைசி வரியில் ஜேவிஎம்மையே நிறுத்திவிடும் சிஸ்டம்.எக்ஸிட் எழுதி அனுப்ப, அவன் நிரலோடு என்னுடையதும் படுத்துவிட்டது. நிறுத்த அனுமதி உண்டா என்று பார்க்கும் செக்யூரிட்டி மேனேஜரின் செக்எக்ஸிட் மெத்தடை மாற்றி எழுதி, அங்கே ஒரு எக்ஸெப்ஷனை, அதாவது பிழையை, வீசினேன். சரியாயிற்று. அப்புறம் ஃபைல், நெட்வொர்க் எல்லாவற்றையும் தடுத்துவிட்டுக் கோட்டை கட்டிய நினைப்பில் இருந்தேன். அடுத்த வாரம் இன்னொருவனுடைய வொயில் லூப் முடியவே இல்லை. சர்வர் மூச்சுத் திணறியது.

செக்யூரிட்டி மேனேஜர் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. அனுமதி கேட்டு வருகிறவனைத்தான் நிறுத்தும். சிபியுவையும் மெமரியையும் தின்பதற்கு யார் அனுமதி கேட்கிறார்கள்?

1996இல் ஜாவா 1.0 வந்தபோது அதற்கு நியாயம் இருந்தது. யாரோ எழுதிய ஆப்லெட் என்ற குட்டி ஜாவா நிரல் நம் பிரவுசரில் ஓடும், அது நம் ஃபைல்களைத் தொடக்கூடாது. இன்று ஆப்லெட்டே கிடையாது. ஆனால் ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகேயில் 1000க்கும் மேற்பட்ட மெத்தட்கள் அனுமதியைச் சரிபார்க்கும் வரிகளைச் சுமந்துகொண்டிருந்தன. யாருக்கு என்ன அனுமதி என்று சொல்லும் பாலிசி ஃபைல் எழுதுவதோ தனிக் கொடுமை. அழைப்பு வரிசையில் இருக்கும் எல்லா லைப்ரரிக்கும் அனுமதி இருக்க வேண்டும், நடுவில் ஒன்றுக்கு இல்லையென்றாலும் தடை. வெறுத்துப்போய் எல்லாருக்கும் ஆல்பெர்மிஷன், அதாவது முழு அனுமதி, கொடுத்துவிடுவோம். நான் கொடுத்திருக்கிறேன்.

2021 செப்டம்பரில் வந்த ஜாவா 17, ஜெஇபி 411 என்ற மாற்ற முன்மொழிவு மூலம் இதை நீக்கப்போவதாக அறிவித்தது. ஜாவா 18 முதல், நிரல் ஓடும்போது அதைப் பொருத்த வேண்டுமானால் தனியாக அனுமதி கொடுத்துத் தொடங்க வேண்டும். 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24இல் கதை முடிந்தது. நிரலிலிருந்து அழைக்கும் ஏபிஐ பெயருக்கு இருக்கிறது, அதைப் பொருத்தும் செட்செக்யூரிட்டிமேனேஜரை அழைத்தால் அன்சப்போர்ட்டட்ஆபரேஷன் எக்ஸெப்ஷன்தான் வரும். கமாண்ட் லைனில் இயக்கப் பார்த்தால் ஜேவிஎம் தொடங்கவே தொடங்காது.

உண்மையில் அடி விழுவது என்னைப்போல் எக்ஸிட்டைப் பிடிக்க அதைப் பயன்படுத்தியவர்களுக்குத்தான். நேரடி மாற்று இல்லை. நிரல் ஏறும்போது குறுக்கிடும் ஒரு ஏஜென்ட் எழுதி, ஜேவிஎம் ஓட்டும் பைட்கோடிலேயே எக்ஸிட் அழைப்பை மாற்றலாம், ஜாவா 24இல் இதை முடக்கிய ஜெஇபி 486இன் பின்னிணைப்பில் அதற்கு உதாரணமே இருக்கிறது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இப்போது ஒவ்வொரு மாணவன் நிரலும் தனி கன்டெய்னரில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்த சூழலில், நேரத்துக்கும் மெமரிக்கும் வரம்போடு ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் ஜேவிஎம் புதிதாகத் தொடங்குவதால் மதிப்பெண் வரக் கொஞ்சம் தாமதம். எக்ஸிட் எழுதுகிறவன் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும், அவன் கன்டெய்னர்தான் மூடும்.