தூரிகைத் தடம் தெரியும் செவ்வந்தி

கேள்வி: ஐயா, ஜோர்ஜ்டவுன் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலருகே வாங்கிய ஆரஞ்சு நிறச் செவ்வந்திகளைக் குவளையில் வைத்து அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டுகிறேன். அடுக்கடுக்காகப் பூசும்போது நிறம் சேறாகிவிடுகிறது. தூரிகைத் தடமும் மறைந்துவிடுகிறது. என்ன செய்வது?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, இலைக்குப் பூசிய பச்சை காயும் முன்பே அதன்மேல் ஆரஞ்சை இழுத்தால் இரண்டும் குழைந்து பழுப்பாகத்தான் மாறும். பினாங்கின் ஈரக்காற்றில் அக்ரிலிக் காயச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சி நீங்கிய பிறகே அடுத்த அடுக்கைத் தொடங்குங்கள். முதலில் பூவின் நிழற்பகுதிக்கு மட்டும் நீலம் கலந்த ஊதாவை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால், அதன்மேல் வரும் ஆரஞ்சு தணல்போல் ஒளிரும்.

தடம் மறைவதற்குத் தண்ணீரே காரணம். அது ஆவியாகும்போது வண்ணம் சுருங்கித் தட்டையாகிவிடுகிறது. ஆகவே மேலடுக்குக்குத் தண்ணீர் சேர்க்காமல், கெட்டியான வண்ணத்தை விறைப்பான முடியுள்ள தூரிகையில் நிறைய எடுத்து, இதழ் விரியும் திசையிலேயே ஒரே இழுப்பில் வைத்துவிட்டு, மீண்டும் தடவாமல் கையை எடுத்துவிடுங்கள். ஓவியர் வான்கோ 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் தீட்டிய சூரியகாந்திகளைப் பாருங்கள். விதைப்பகுதியின் சொரசொரப்பை வண்ணத்தின் தடிமனே காட்டிவிடுகிறது, எத்தனை அழகு! பின்னர் எண்ணெய் வண்ணத்துக்கு மாறினால், கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் கூடுதலாகவும் இருக்கட்டும். முறை மாறினால் படத்தில் விரிசல் விழக்கூடும்.