வகுப்பறையா, சீனியர் ஆபீஸா?

கேள்வி: சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். "இங்கே நடத்துவது எதுவும் கோர்ட்டில் உதவாது, இப்போதே ஒரு சீனியர் ஆபீஸில் போய் உட்கார்" என்று படித்து முடித்துப் போன அண்ணன்மார் சொல்கிறார்கள். என் பேராசிரியரோ, "சட்டத்தின் அடிப்படை புரியாமல் போனால் கடைசிவரை ஃபாரம் நிரப்புகிற ஆளாகத்தான் இருப்பாய்" என்கிறார். கடன் வாங்கிப் படிக்கிறேன், ஒரு வருஷத்தைக்கூட வீணாக்க முடியாது. வகுப்பை விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போகட்டுமா? சட்டக் கல்லூரி உண்மையில் எதைத்தான் சொல்லித்தர வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: வகுப்பை விடாதீர்கள். ஆபீஸுக்கும் போங்கள், ஆனால் அங்கே உங்களுக்கு என்ன வேலை தருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள். சுருக்கமான பதில் இதுதான். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்களைச் சுற்றி இருக்கும் இரண்டு தரப்பும் பாதி சரியாகப் பேசுகிறார்கள், விட்டுப்போன மீதிதான் உங்களுக்கு முக்கியம்.

இந்தச் சண்டை புதிதில்லை, நூற்றைம்பது வருஷமாக நடக்கிறது. அதற்கு முன்பு அமெரிக்காவில் பெரும்பாலான வக்கீல்கள் இன்னொரு வக்கீலின் ஆபீஸில் இருந்துதான் தொழில் பழகினார்கள். 1870இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரிக்கு டீனாக வந்த கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல் அதை மாற்றினார். சட்டம் ஓர் அறிவியல், அதற்கு நூலகம்தான் ஆய்வுக்கூடம் என்பது அவர் கொள்கை. 1871இல் ஒப்பந்தச் சட்டத் தீர்ப்புகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டு, விதியை நேராகச் சொல்லாமல், தீர்ப்பைப் படித்துவிட்டு வா, நான் கேள்வி கேட்கிறேன், விதியை நீயே கண்டுபிடி என்று வகுப்பை நடத்தினார். 1873இல் வக்கீல் தொழிலே பார்த்திராத ஜேம்ஸ் பார் ஏம்ஸை ஆசிரியராக எடுத்தார். சட்டம் கற்பிக்கத் தொழில் அனுபவம் தேவையில்லை என்ற எண்ணம் கல்லூரிகளுக்குள் நுழைந்த கதையில் அந்த நியமனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

லாங்டெல்லைக் குறை சொல்வது இன்றைக்குச் சுலபம். ஆனால் அவர் எதை மாற்றினார் என்றும் பார்க்க வேண்டும். ஆபீஸ் பழக்கம் என்பது பல பேருக்குப் பத்திரங்களைப் பார்த்து நகல் எடுக்கும் வேலையாகவே இருந்தது. நல்ல சீனியர் அமைந்தால் பிழைத்தீர்கள், அமையாவிட்டால் வருஷங்கள் போனதுதான் மிச்சம். உங்கள் அண்ணன்மார் சொல்வதில் எனக்கு உள்ள தயக்கம் இதுதான். கட்டுத் தூக்கிக்கொண்டு சீனியர் பின்னால் நடப்பதும், வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவதும் பயிற்சி ஆகிவிடாது. ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்தாலும், செய்தது சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லையென்றால் தப்புதான் கைக்குப் பழகும்.

சரி, பேராசிரியர் தரப்புக்கு வருவோம். வகுப்பில் நீங்கள் படிப்பது பெரும்பாலும் மேல்முறையீட்டுத் தீர்ப்புகள். அவற்றில் என்ன நடந்தது என்பது முதல் இரண்டு பத்தியிலேயே முடிந்துவிடும்: வாதி முன்பணம் கொடுத்தார், பிரதிவாதி குறித்த தேதியில் சரக்கு அனுப்பவில்லை, வழக்கு. அதற்குப் பிறகு நாற்பது பக்கம் சட்டம். அந்த இரண்டு பத்தி எங்கிருந்து வந்தது என்று யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்தார்களா?

அந்த வாதி முதல்முறை வக்கீலிடம் வந்த நாளை யோசித்துப் பாருங்கள். "நல்லா ஏமாத்திட்டான் சார்" என்று ஆரம்பிப்பார். கூட்டு வியாபாரம் எப்படித் தொடங்கியது, யார் அறிமுகம் செய்தது, யார் யார் முன்னாடியே எச்சரித்தார்கள் என்று அரை மணி நேரம் போகும். ரசீது எங்கே என்றால் போனில் ஒரு போட்டோ காட்டுவார். அதில் தேதி பாதி மறைந்திருக்கும், தொகை அவர் சொன்னதைவிடக் குறைவாக இருக்கும், மீதியை ரொக்கமாகக் கொடுத்தேன் என்பார். நாள் தவறிய பிறகு நீங்கள் அவரிடம் ஏதாவது பேசினீர்களா என்று ஒருமுறை கேட்டால் இல்லை என்பார். வேறு மாதிரி மறுபடி கேட்டாலும் இல்லை என்பார். "அந்த வாரத்து மெசேஜ் எல்லாம் கொஞ்சம் காட்டுங்க" என்று மூன்றாவது முறை கேட்டால்தான், "பரவாயில்லை, ரெண்டு வாரம் கழிச்சே அனுப்புங்க" என்று அவரே எழுதியது கிடைக்கும். பொய் சொல்லவில்லை அவர். அது முக்கியம் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியில் வழக்கே திசை மாறிவிடும். குறித்த தேதி இன்னும் குறித்த தேதிதானா, கெடுவை நீட்டித்துக் கொடுத்தவர் பழைய தேதியை வைத்து நஷ்டஈடு கேட்க முடியுமா என்ற கேள்விகள் எழும். இப்போது சொல்லுங்கள், அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அந்த வக்கீலுக்கு எப்படித் தெரிந்தது? ஒப்பந்தச் சட்டத்தை ஒழுங்காகப் படித்ததால். சட்டம் தெரியாதவர் எதைத் தேடுவது என்றே தெரியாமல் சும்மா கேட்டுக்கொண்டிருந்திருப்பார். வெறும் சட்டம் மட்டும் தெரிந்தவரோ முதல் "இல்லை"யை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில், ஒரே மேஜையில் சேர வேண்டும். சட்டக் கல்லூரி சொல்லித்தர வேண்டியது இந்தச் சேர்க்கையைத்தான், பெரும்பாலான கல்லூரிகள் சொல்லித்தராமல் விடுவதும் இதையேதான்.

இதை முதலில் கவனித்தவன் நான் இல்லை. பின்னாளில் நீதிபதியான ஜெரோம் ஃபிராங்க் 1933லேயே, மருத்துவ மாணவர்கள் நோயாளியைப் பார்த்துப் படிப்பதுபோல் சட்ட மாணவர்களும் கட்சிக்காரரைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று எழுதினார். தீர்ப்பை மட்டும் படித்து வக்கீலாவது, பறித்த பூக்களை மட்டும் பார்த்துத் தோட்டக்கலை கற்பது மாதிரி என்பது அவர் சொன்னது. 2007இல் கார்னெகி அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கையும் அதே இடத்தைத்தான் தொட்டது: வக்கீலாக யோசிக்கச் சொல்லித் தருவதில் கல்லூரிகள் கெட்டி, வேலை செய்யச் சொல்லித் தருவதிலும் தொழிலுக்குரிய மனசாட்சியை வளர்ப்பதிலும் பலவீனம்.

அந்த மனசாட்சி விஷயத்தை மட்டும் தாண்டிப் போக முடியாது. அதே கட்சிக்காரர், அந்த மெசேஜ் தனக்கு எதிராகப் போகும் என்று புரிந்ததும், "அதை அழிச்சிடலாமா சார்?" என்று கேட்பார். தொழில் ஒழுக்கம் பேப்பரில் இதற்குப் பதில் எழுதி யார் வேண்டுமானாலும் பத்து மதிப்பெண் வாங்கலாம். எதிரே ஒருவர் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது, ஃபீஸும் அவர்தான் தர வேண்டும் என்ற நிலையில், கூடாது என்று சொல்லிவிட்டு, அந்த மெசேஜ் இருந்தும் வழக்கை எப்படிக் கொண்டுபோகலாம் என்று அவருக்கு விளங்க வைப்பது வேறு திறமை. முதல் தடவை அதைச் செய்யும்போது பக்கத்தில் ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும். தனியாக மாட்டிக்கொண்டு கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை இது, அங்கே தவறினால் அடிபடுவது இன்னொருத்தர் வாழ்க்கை.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியில் முதல் தேர்வு முடிந்ததும் சுமார் இரண்டு வருஷம் சிவில் நீதிமன்றம், அரசு வழக்கறிஞர் அலுவலகம், அரசு நிர்வாகம், வக்கீல் ஆபீஸ் என்று சுற்றி வர வேண்டும், அரசு உதவித்தொகையோடு. இரண்டாம் தேர்வு அப்புறம்தான். இங்கிலாந்தில் சொலிசிட்டர் எனப்படும் வக்கீல்களுக்கு 2021இல் வந்த தேர்வு முறையில் இரண்டு வருஷ வேலை அனுபவம் கட்டாயம், அதை நான்கு இடங்கள்வரை பிரித்துக்கொள்ளலாம், இலவச சட்ட மையத்தில் செய்த வேலையும் கணக்கில் சேரும். இந்தியாவில் பார் கவுன்சிலின் 2008 விதிகள் ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் பயிற்சி கேட்கின்றன. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருஷம் சீனியரிடம் பயிற்சி கட்டாயம் என்று 1995இல் கொண்டுவந்த விதியை, அப்படி விதி போட பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா, வர்ஜீனியா, வெர்மான்ட், வாஷிங்டன் மாநிலங்களில் இன்றைக்கும் கல்லூரிக்கே போகாமல் ஒரு வக்கீலின் கீழ் படித்துத் தேர்வு எழுத வழி உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் ஓரெகன் மாநிலம் 2024இல் தொடங்கிய ஏற்பாடு. எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக 675 மணி நேரம் ஒரு வக்கீலின் மேற்பார்வையில் வேலை செய்து, தானே எழுதிய சட்ட ஆவணங்களையும், தானே முன்னின்று நடத்திய கட்சிக்காரர் சந்திப்புகள், பேச்சுவார்த்தைகள் பற்றிய மதிப்பீடுகளையும் கோப்பாகத் தேர்வாளர்களிடம் கொடுத்து உரிமம் வாங்கலாம். கல்லூரிகள் எப்போதும் தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் நடத்தும், அதை மாற்றாமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதால் என்ன பிரயோஜனம்? ஓரெகன்காரர்கள் கை வைத்தது தேர்விலேயே.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று உங்கள் வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் போட்டு, 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். தீர்ப்பை எடுத்துத் திறந்து படிக்கும் பழக்கம் இருந்திருந்தால் அந்த மனு ஆபீஸை விட்டே போயிருக்காது. டிராஃப்ட் அடிக்கும் வேலையை இயந்திரம் எவ்வளவு எடுத்துக்கொள்கிறதோ, எதிரே இருப்பவரிடம் கேட்டு வாங்குவதும், வந்ததைச் சரிபார்ப்பதும் அவ்வளவுக்கு உங்கள் தலையில்தான் விழும்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். வருகைப்பதிவு குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போனால் கடன் வாங்கிப் படிப்பவருக்கு அது தாங்க முடியாத அடி, அதனால் வகுப்புக்குப் போங்கள், குறிப்பாக ஒப்பந்தம், சாட்சியச் சட்டம், உரிமையியல் நடைமுறை இந்த மூன்றையும் யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள். ஆனால் படிக்கும் விதத்தை மாற்றுங்கள். வகுப்பில் ஒரு தீர்ப்பு நடத்தினால், அன்று மாலையே அந்த வாதிக்கு நீங்கள் வக்கீல் என்று வைத்துக்கொண்டு, முதல் சந்திப்பில் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை எழுதுங்கள். அப்புறம் தேதி வாரியாக ஒரு பட்டியல், அதைப் பார்த்து வழக்குரை. எதிர்த்தரப்புக்கு எதிருரையை உங்கள் தோழி ஒருவர் எழுதட்டும், இரண்டு பேரும் மாற்றிப் படித்துப் பாருங்கள். உங்கள் வழக்குரையில் எந்தத் தேதியை மழுப்பியிருக்கிறீர்கள் என்று அவர் உடனே பிடித்துவிடுவார்.

கல்லூரியில் இலவச சட்ட உதவி மையம் இருந்தால், கௌரவமான மூட் கோர்ட்டைவிட (மாணவர்கள் வக்கீலாக வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி) அதற்கு முதலிடம் கொடுங்கள். மூட் கோர்ட் நல்லதுதான், வாய்கூச்சம் போகும், ஆனால் அங்கேயும் நடந்தது என்ன என்பதை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆபீஸ் தேடும்போது சீனியரின் பெயரைப் பார்க்காதீர்கள், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஜூனியரைத் தனியாகப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள்: கட்சிக்காரர் பேசும்போது உங்களை உள்ளே உட்கார விடுவாரா, டிராஃப்ட் எழுதச் சொல்வாரா, எழுதியதைத் திருத்தி ஏன் திருத்தினேன் என்று சொல்வாரா. மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால் அது சின்ன ஆபீஸாக இருந்தாலும் விடுமுறை முழுக்க அங்கே போங்கள், படிப்பு நாட்களில் வாரத்துக்கு இரண்டு மாலை போதும். திருத்தித் தராத ஆபீஸ் என்றால், எவ்வளவு பெரிய சீனியராக இருந்தாலும், ஒரு விடுமுறையோடு நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.