சிறுநீரகம் மாற்றியவருக்கு மருந்துக்கு அடங்காத கிருமி திரும்பத் திரும்ப வருகிறது. தொடக்கத்திலேயே கடுமையான அன்டிபயோட்டிக் கொடுத்தால் என்ன?

முல்லைத்தீவில் வயல் செய்யும் உங்கள் அண்ணாவுக்குச் சிறுநீரகம் மாற்றி ஒரு வருடம் ஆகுமுன்னரே, மருந்துக்கு அடங்காத கிருமி இரண்டு தடவை சலத்தில் (சிறுநீரில்) வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் வன்னியில் ஒரு மருத்துவ விடுதியில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். மாற்றுச் சத்திரசிகிச்சை எங்களிடம் நடப்பதில்லை. ஆனால் கண்டியிலோ கொழும்பிலோ அதைச் செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள் காய்ச்சல் என்றால் முதலில் வந்து படுப்பது எங்கள் கட்டிலில்தான். அங்கிருந்து பார்க்கும்போது, கடுமையான மருந்தைத் தேடுவது இந்த வரிசையில் கடைசி வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

புதிய சிறுநீரகத்தை உடல் எதிரியாகக் கண்டு தாக்காமலிருக்க டக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசொலோன் போன்ற குளிசைகளைக் கொடுக்கிறார்கள். இவை கிருமியோடு போராடும் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடுகின்றன. பிரெட்னிசொலோன் காய்ச்சலையே மறைத்துவிடக்கூடும் என்பதால், உடம்பு சுடவில்லை என்று வீட்டில் ஆறுதலாக இருந்துவிட முடியாது. இன்னொன்று, மாற்றுக்கு முன்னர் மாதக்கணக்கில் இரத்தச் சுத்திகரிப்பு, ஊசி, குழாய், அன்டிபயோட்டிக் என்று கழிந்த காலத்திலேயே, எதிர்ப்புச் சக்தி பெற்ற ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பக்டீரியாக்கள் எந்த நோயும் காட்டாமல் குடலில் குடியேறியிருக்கலாம். சத்திரசிகிச்சையின் பின்னர் சலக்குழாயும், புதிய சிறுநீரகத்தின் சலநாளத்துக்குள் வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயும் அவற்றுக்கு ஏணியாகின்றன. குழாயின் மேல் அவை வழுவழுப்பான ஒரு படலம் கட்டி உள்ளே ஒளிந்துகொண்டால், எந்த மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. ஆகவே சலக்குழாயைச் சில நாட்களிலும், ஸ்டென்டைப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களுக்குள்ளும் எடுத்துவிடுகிறார்கள். ஸ்டென்ட் எடுக்கக் கொடுத்த திகதியை, அறுவடை இருக்கிறது, போக்குவரத்து இல்லை என்று எந்தக் காரணம் கொண்டும் தள்ளிப்போட வேண்டாம்.

விடுதியில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. நோயாளியை ஸ்கானுக்குக் கொண்டு போகும்போது, கூட வந்தவர் உதவி செய்வதாக நினைத்துச் சலப்பையைத் தூக்கி அவருடைய வயிற்றின் மேல் வைத்துவிடுவார். பையில் தேங்கிய சலம் குழாய் வழியே திரும்பி உள்ளே இறங்கும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. இதற்கு ஒரு சதம்கூடச் செலவில்லை. கை கழுவுவதும் அப்படித்தான். நோயாளியைத் தொடுமுன், சுத்தமான வேலை ஒன்றைச் செய்யுமுன், உடல் திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய கட்டிலையும் மேசையையும் தொட்டபின் என உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்கள் எங்களுக்கு மட்டுமல்ல, பார்க்க வரும் சொந்தக்காரருக்கும் பொருந்தும்.

பெரிய மருத்துவமனைகளில் இதற்கு மேலும் செய்வதுண்டு. மலவாசலில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, எதிர்ப்புள்ள கிருமி குடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் தனி அறை, தனி இரத்த அழுத்தக் கருவி, உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் கையுறையும் மேலங்கியும். கை கழுவும் தொட்டியின் வடிகுழாயே சில வேளை கிருமியின் வீடாகிவிடும் என்பதால் அதையும் கவனிக்கிறார்கள்.

இனி நீங்கள் கேட்ட கடுமையான மருந்து. பல அன்டிபயோட்டிக்குகளை முறிக்கும் கிருமிக்கு மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் வகை மருந்து கைகொடுக்கும். அதைத் தொட்டதற்கெல்லாம் கொடுத்தால் அதையும் வெல்லும் கிருமிதான் மிஞ்சும். அதன்பிறகு பலருக்குக் கிடைப்பது கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்த மருந்து அது. அரும்பாடுபட்டுப் பெற்ற சிறுநீரகத்துக்கு அதை ஏற்ற நேர்வதைவிடத் துன்பம் வேறில்லை. உயிராபத்தான தொற்று என்றால் வைத்தியர்கள் தாமதிக்காமல் வலுவான மருந்தையே தொடங்குவார்கள், மைக்கோபினோலேட்டைச் சில நாள் நிறுத்தவும் கூடும். அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் முதல் ஊசிக்கு முன்னரே இரத்தமும் சலமும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுக்கப்பட வேண்டும். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலே கிருமி வளராமல் போகலாம்; பிறகு அதன் பெயரும் தெரியாது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் தெரியாது.

சிக்கல் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. சேட்டுப் பையிலிருந்து பாதி வெறுமையான குளிசை அட்டையை எடுத்து நீட்டிய ஒரு முதியவரிடம், "அப்பு, இது ஆர் தந்தது?" என்று கேட்டேன். "போன மாரி வாங்கினது பிள்ளை. காய்ச்சல் விட்டிட்டுது, மிச்சத்தை வைச்சிருந்தன்" என்றார். மிஞ்சிய அந்தச் சிப்ரோபிளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக்தான் அன்று கல்ச்சரைக் குழப்பியிருக்கும். பார்மசியில் கேட்டு வாங்குவதில் வேறோர் ஆபத்தும் உண்டு: கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்றவை இரத்தத்தில் டக்ரோலிமஸின் அளவை ஏற்றிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், றிபாம்பிசின் அதைக் குறைத்து, உடல் சிறுநீரகத்தை நிராகரிக்க இடம் கொடுக்கும்.

உங்கள் அண்ணாவின் இரண்டு அறிக்கைகளைப் பற்றியும் ஒன்று கேளுங்கள்: அப்போது அவருக்குக் காய்ச்சல், எரிவு, வயிற்று நோ ஏதும் இருந்ததா? மாற்றி முதல் ஓரிரு மாதம் கடந்தபின், எந்த அறிகுறியும் இல்லாதவரின் சலத்தில் கிருமி வளர்ந்தது என்பதற்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம் என்றே இப்போதைய வழிகாட்டல்கள் சொல்கின்றன. கொடுத்தால் அடுத்த முறை இன்னும் முரட்டுக் கிருமியே வளரும்.

வயல் செய்பவர் என்பதால் மெலியோய்டோசிஸ் என்ற பெயரையும் தெரிந்து வைத்திருங்கள். சேற்றிலும் மழைநீரிலும் வாழும் ஒரு பக்டீரியா காலில் உள்ள கீறல் வழியாகவோ மூச்சுடனோ உள்ளே போய், நியூமோனியாவையும் உறுப்புகளுக்குள் சீழ்க்கட்டிகளையும் உண்டாக்கும் நோய் அது; இலங்கையிலும் இருக்கிறது. பென்சிலின், ஜென்டமைசின் போன்றவற்றுக்கு இயல்பாகவே அடங்காத அந்தக் கிருமியை, ஆய்வுகூடத்தில் தற்செயலாகக் கலந்த ஏதோ ஒன்று என்று ஒதுக்கிவிடவும் கூடும். ஆகவே காலபோகக் காலத்தில் காய்ச்சலோடு வந்தால், சிறுநீரகம் மாற்றியவர் என்பதோடு வயலில் இறங்கியவர் என்பதையும் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாதிரியோடு போகும் துண்டிலும் அது எழுதப்பட வேண்டும். அவர் திரும்ப வயலில் இறங்கலாமா என்பதைச் சிறுநீரகக் கிளினிக்கில் கேட்டு முடிவு செய்யுங்கள். இறங்குவதானால் முழங்கால் வரை சப்பாத்தும் கையுறையும் வேண்டும், காலில் புண் ஆறும்வரை வரம்போடு நிற்க வேண்டும். பழைய கல்ச்சர் அறிக்கைகளைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துப் போனிலும் படம் எடுத்து வைத்திருங்கள், ஏனெனில் இரவில் வந்து சேரும் நோயாளிக்கு எந்த மருந்தைத் தொடங்குவது என்று பார்க்கும் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.