கொழும்புக் காகமும் கென்யக் கரையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கென்யாவில் பத்து இலட்சம் காகங்களைக் கொல்லத் திட்டம் என்று நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். புரட்டாதிச் சனியில் காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு. அதே காகம் அங்கே போனால் ஆக்கிரமிப்பாளனா? மிளகாய், மரவள்ளி, தேயிலை எல்லாம் எங்கிருந்தோ வந்தவைதானே? என் பாட்டனாரும் தோட்டத்துக்கு வந்தவர்தான். ‘வெளியிலிருந்து வந்தது, ஒழி’ என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

இலங்கையில் 1948இல் குடியுரிமை இழந்த தோட்டத் தமிழரின் பேரப்பிள்ளைக்கு அந்தப் பேச்சு உறுத்தாமல் போனால்தான் வியப்பு. ஆனால் இந்தக் கதையில் பிறந்த ஊர் குற்றம் இல்லை. செய்த வேலைதான் விசாரிக்கப்படுகிறது.

உயிர்ப்பன்மையைப் பற்றி அரசுகளுக்கு அறிவியல் ஆலோசனை சொல்லும் ஐபிபிஈஎஸ் என்ற பன்னாட்டு அமைப்பின் 2023 அறிக்கைக் கணக்குப்படி, மனிதர்கள் வேறிடம் கொண்டுபோய் அங்கே நிலைத்துவிட்ட இனங்கள் உலகில் 37,000க்கு மேல். அவற்றில் கெடுதல் செய்வதாகப் பதிவானவை ஏறக்குறைய 3,500, அதாவது பத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நீங்கள் சொல்லும் மிளகாய் யார் குடியையும் கெடுக்கவில்லை. சிக்கல் அந்தச் சிறு பங்கில்தான். பதிவான இன அழிவுகளில் 60 சதவீதத்தில் அதற்குக் கை இருக்கிறது.

ஆபிரிக்காவையே பாருங்கள். 1950களில் விக்டோரியா ஏரியில் நைல் பேர்ச் என்ற, மற்ற மீன்களைத் தின்னும் பெரிய மீனை விட்டார்கள். அது வேறு கண்டத்து மீன்கூட இல்லை, அதே ஆபிரிக்காவின் வேறு நீர்நிலைகளில் வாழ்வது. அந்த ஏரியைத் தவிர உலகில் எங்கும் இல்லாத சின்னச் சிக்லிட் மீன்களில் நூற்றுக்கணக்கான இனங்கள் மறைந்தன. ஏரி நீர் மாசடைந்ததற்கும் அதில் பங்குண்டு. இன்னொரு பக்கம், பேர்ச் மீன் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிப் பெரிய வருமானம் வந்தது. அந்த வருமானம் ஏரிக்கரையில் சின்ன மீனை வாங்கிக் காயவைத்து விற்ற பெண்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம். இதற்கு நேர்மாறாக, 1952இல் இலங்கைக்கு வந்த ஆபிரிக்க மீனான திலாப்பியா நம் குளத்து மீன்பிடிக்கே முதுகெலும்பு ஆகிவிட்டது. உள்ளூர் மீன்களுக்கு அதனால் நட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அதை ஒழிக்கச் சொல்லி இங்கே எவரும் கொடி பிடிக்கவில்லை.

சரி, காகத்துக்கு வருவோம். 1890களில் கிழக்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள சன்சிபார் தீவுக்கு அதைக் குப்பை தின்னக் கொண்டுபோனார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கென்யாவின் துறைமுக நகரான மொம்பாசாவில் 1947இல் முதலில் பதிவானது. இந்து சமுத்திரத்துக் கப்பல்களில் தானாகவே ஏறிப் போனவையும் ஏராளம். துறைமுகத்துப் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு இது அதிசயமாகத் தெரியாது. கிழக்கு ஆபிரிக்கக் கரையில் அது உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது, வீட்டுக் கோழிக்குஞ்சையும் தூக்குகிறது. இங்கே நம் பறவைகளும் காகமும் காலங்காலமாக ஒன்றாக வாழ்ந்து பழகியவை. அங்கே அந்தப் பழக்கம் கிடையாது.

கொல்லத்தான் வேண்டுமா என்று நேராகக் கேட்டிருந்தால், ‘தொடக்கத்திலேயே என்றால் ஆம்’ என்பேன். 1994 அளவில் நெதர்லாந்தின் ஹூக் வன் ஹொலண்ட் துறைமுகத்தில் இரண்டு காகங்கள் வந்திறங்கி, பிறகு இருபது முப்பதாகப் பெருகின. வழக்குகள் எல்லாம் நடந்து முடிந்த பின் சுட்டு அகற்றினார்கள். முப்பது பறவையோடு முடிந்த வேலை அது. கென்யா 2024இல் அறிவித்ததோ பத்து இலட்சம். குப்பைமேடுகளைத் திறந்தபடி விட்டுவிட்டு நஞ்சு வைத்தால் மிஞ்சும் காகங்கள் மறுபடி பெருகிவிடும். அதனால் அந்தத் திட்டத்தில் எனக்கு அரை நம்பிக்கைதான். குப்பையை மூட ஒரு திட்டம் அறிவிப்பதைவிட நஞ்சுத் திட்டம் அறிவிப்பது எந்த அரசுக்கும் சுலபம், நம்முடையதையும் சேர்த்துத்தான்.

நம் பக்கத்துக் கணக்கும் அழகாக இல்லை. ஆகாயத்தாமரை (வாட்டர் ஹயசின்த்) அலங்காரச் செடியாகக் கொழும்புக்கு வந்தது 1905 அளவில். அதை ஒழிக்கச் சட்டம் வந்தது 1909இல். நாலே வருடத்தில் சட்டமே போட்டும் கால்வாய்களில் இன்னும் அள்ளிக்கொண்டிருக்கிறோம். வன்னியில் வேளாண்மை செய்பவர்களைக் கேட்டால் பார்த்தீனியத்தைப் பற்றிச் சொல்வார்கள். அமெரிக்கக் களை அது. இந்தியாவுக்குக் கோதுமையோடு வந்ததாகவும், இங்கே இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்ததாகவும் நம்பப்படுகிறது. வவுனியாவில் 1999இல் கண்டறியப்பட்டது.

அப்புறம், கொழும்பில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டிப் பாசியைத் தின்னும் ‘டேங்க் கிளீனர்’ மீனும் வெளியிலிருந்து வந்ததுதான். அது பெரிதாகி இடம் போதாமல் போனால், பாவம் பார்த்துத் தியவன்னாவிலோ வேறெந்த ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எடுக்க மாட்டோம் என்பார்கள், கொஞ்சம் சண்டை பிடியுங்கள்.