கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி

'கோவையிலிருந்து கனடாவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பிராம்ப்டனில் ஒரு பேஸ்மென்ட்டில் இருக்கிறோம், பகலெல்லாம் வீடு புதுப்பிக்கும் டிவி நிகழ்ச்சிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஊரில் இன்டீரியர் டிசைன் டிப்ளமோ முடித்திருக்கிறேன், இங்கே ஹோம் ஸ்டேஜிங், அதாவது விற்கப் போகிற வீட்டைச் சாமான் போட்டு ஜோடித்துக் காட்டுகிற வேலைக்குப் போகலாமா அக்கா, அது டிவியில் காட்டுகிற மாதிரிதான் இருக்குமா' என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த மாதிரி இருக்காது.

நான் மிசிசாகாவுக்கு வந்து பதினாறு வருஷம், இந்த வேலையில் ஒன்பது வருஷம். இங்கே வந்த முதல் இரண்டு வருஷம் உன்னை மாதிரியே டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான், அதனால் கேலி செய்வதாக நினைக்காதே.

நீ பார்க்கிறவற்றில் பெரும்பாலானவை ஸ்டேஜிங்கே இல்லை. 2008இல் தொடங்கிய 'லவ் இட் ஆர் லிஸ்ட் இட்' ஆகட்டும், 2011இல் வந்த 'பிராப்பர்ட்டி பிரதர்ஸ்' ஆகட்டும், இரண்டுமே கனடாக்காரர்கள் ஆரம்பித்ததுதான், அதில் நடப்பது சுவரை இடித்து, சமையலறையைப் பெயர்த்து, வீட்டையே மாற்றுவது. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவருக்காக எல்லாம் செய்து, கடைசியில் அவரை உள்ளே கூட்டிவந்து கண்ணைத் துடைக்க வைப்பார்கள். ஸ்டேஜிங்கில் நாம் சுவரைத் தொடுவதில்லை, மிஞ்சிப்போனால் பெயின்ட் அடிக்கச் சொல்வோம். யார் வாங்கப் போகிறார்கள் என்றும் தெரியாது. வீட்டுக்காரருக்கோ, நாம் செய்தது பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, பல நேரம் பிடிக்கவும் பிடிக்காது.

இது எனக்குப் புரிந்தது நம் ஊர்க்கார அம்மா ஒருவர் வீட்டில். பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்கள், நான்கு பெட்ரூம் வீட்டை விற்றுவிட்டுச் சின்னதாக ஒரு காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, வாங்கப் பார்த்தார்கள். 'நீங்கள் தமிழில் சொன்னால் கேட்பார்' என்று வீட்டை விற்றுக்கொடுக்கிற ஏஜென்ட் என்னை அனுப்பிவைத்தார், அதாவது சங்கடமானதைச் சொல்லும் வேலை எனக்கு. அடுப்புக்கு மேலே இருக்கிற புகைபோக்கியின் வலையைக் கழற்றினேன், விரலில் மஞ்சளாகப் பிசுபிசு. இருபது வருஷத்துத் தாளிப்பு. கார்பெட், திரைச்சீலை, துணி அலமாரி எல்லாவற்றிலும் பெருங்காயம். விளம்பரம் போவதற்குப் பத்து நாள் முன்பிருந்து எண்ணெயில் எதுவும் போடாதீர்கள் என்றேன். 'பத்து நாளா? ரசத்துக்கு ரெண்டு கடுகு கூடவா?' என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் பூஜை அலமாரி. அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு லேப்டாப்பும் நாற்காலியும் போட்டு 'ஆபீஸ்' என்று காட்ட வேண்டும். சரி என்றார், ஆனால் சாயங்காலம் ஒருதரம் விளக்கேற்றிவிட்டு அவரே ஒவ்வொரு படமாகப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தார், நான் ஹாலில் உட்கார்ந்து காத்திருந்தேன். மறுநாள் சாம்பல் நிற சோபா, வெள்ளைக் குஷன், சாப்பாட்டு மேஜையில் பச்சை ஆப்பிள். திரும்பி வந்து பார்த்த அம்மா, 'ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே' என்றார்.

எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. நம் வீட்டு வாசனையை ஒரு குறையாக எழுதிக்கொடுக்கிற வேலையா இது என்று அன்றிரவு கணவரிடம் புலம்பினேன். ஆனால் நாம் வீடு பார்க்கப் போனால் மட்டும் என்ன செய்கிறோம்? அடுத்தவர் வீட்டில் நாய் வாசனை, சிகரெட் வாசனை என்று மூக்கைத்தான் முதலில் நீட்டுகிறோம்.

டிவியில் காட்டாத பாதி வேலை தூக்குவது. காலை ஏழு மணிக்குக் கிடங்கில் ஆஜர். பட்டியலைப் பார்த்து விளக்கு, கம்பளம், படம், குஷன் எல்லாவற்றையும் எண்ணி ட்ரக்கில் ஏற்றி, மூன்று மாடி டவுன்ஹவுஸ் என்றால் அத்தனை படியும் ஏறி இறங்கி, வெளியே பிப்ரவரி பனியில் உப்பும் சேறுமாக இருக்கும், உள்ளே ஒரு பொட்டு அழுக்கு படக்கூடாது, அதனால் வாசலில் பூட்ஸைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே பாதி நாள் போய்விடும். சோபாவைத் தூக்க ஆட்கள் வருவார்கள், சின்னச் சாமான் எல்லாம் நம் தலையில்தான். மறுநாள் புகைப்படக்காரர் வருவார், அதற்குள் முடித்தாக வேண்டும்.

ஏமாற்று வேலையும் உண்டு, தெரிந்துகொள். சின்ன அறையில் அகலமான குயின் கட்டில் போட மாட்டோம், 54 அங்குல அகல டபுள்தான், அறை பெரிதாகத் தெரியும். மெத்தையைச் சுமந்துகொண்டு படியேற யாரால் முடியும்? கட்டில் அளவுக்கு மடிக்கிற அட்டைப்பெட்டி வரும், அதன்மேல் காற்றடித்த மெத்தை, அதன்மேல் நல்ல விரிப்பு. யார் வேண்டுமானாலும் வந்து வீட்டைப் பார்க்கிற ஒரு ஓப்பன் ஹவுஸில் வாங்க வந்தவர்களுடைய பையன் ஓடிவந்து தொப்பென்று குதித்தான், கட்டில் மூலையில் உள்ளே போய்விட்டது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிரித்துக்கொண்டே மறுபடி குதிக்கப் பார்த்தான். ஏஜென்ட் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. இன்னொன்று பல்பு. ஒரே அறையில் மஞ்சள் வெளிச்சம் தருகிற 2700 கெல்வின் ஒன்றும் வெள்ளை வெளிச்சம் தருகிற 5000 கெல்வின் ஒன்றும் இருந்தால் படத்தில் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம் அடிக்கும். டிசம்பரில் நாலே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. நான் எப்போதும் கைப்பையில் ஆறு பல்பு வைத்திருப்பேன்.

டிவிக்காரர்கள் மட்டும் ஏமாற்றாமலா இருக்கிறார்கள்? வீடு தேடி வாங்குவதைக் காட்டுகிற 'ஹவுஸ் ஹன்டர்ஸ்' நிகழ்ச்சியில் வந்த ஒரு பெண், தன் வீட்டை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, பார்ப்பதாகக் காட்டிய மற்ற வீடுகள் நண்பர்களுடையவை என்று 2012இல் வெளியே சொல்லிவிட்டார். நாமாவது வீட்டைத்தான் ஜோடிக்கிறோம்.

காசு விஷயம் கேட்டாயே. தொடக்கத்தில் உதவியாளராக எடுத்தால் குறைந்தபட்சக் கூலிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், ஒன்டாரியோவில் அது 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 17.60 டாலர். வீடு விற்கிற ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஸ்டேஜிங்குக்கு எதுவும் கிடையாது, அதனால் 'சான்றிதழ் வகுப்பு' என்று பெரிய தொகை கேட்டால் உடனே கட்டிவிடாதே. நான் முதல் வருஷம் கட்டினேன், அந்தக் காகிதத்தை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. தனியாகச் செய்தால், நான்கு காலாண்டில் வருமானம் 30,000 டாலரைத் தாண்டியதும் ஹெச்எஸ்டி என்கிற விற்பனை வரிக்குப் பதிவு செய்து 13 சதவீதம் வாங்கிக் கட்ட வேண்டும், சோபா வாங்கவும் கிடங்கு வாடகைக்கும் முதல் வேண்டும். அதோடு மத்திய வங்கி வட்டி 2022 மார்ச்சில் 0.25இலிருந்து ஏறத் தொடங்கி 2023 ஜூலையில் 5 சதவீதம் வரை போனதே, அதிலிருந்து வீடுகள் சீக்கிரம் நகர்வதில்லை. ஒரு மாதத்துக்கென்று போட்ட சாமான் மூன்று மாதம் கிடக்கும், சாமான் வாடகையைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இப்போதைக்குச் சொந்தமாகத் தொடங்காதே.

உன் டிப்ளமோ வீண் போகாது, நிறமும் அளவும் தெரிந்த கண் உடனே தெரிந்துவிடும். ஆனால் எந்த நிறுவனத்தில் கேட்டாலும், சாமான் போடுகிற நாளைப் பார்க்க வருகிறேன் என்று கேட்காதே, எடுக்கிற நாளுக்கு வருகிறேன் என்று சொல். வீடு விற்றாகிவிட்டது, கேமரா இல்லை, யாரும் பாராட்டப் போவதில்லை, நாற்பது குஷனை உறை கழற்றி, விளக்குகளைத் துணியில் சுற்றி, எண்ணிக்கை சரிபார்த்து ஏற்ற வேண்டும். அன்று சாயங்காலம் முதுகு என்ன சொல்கிறது என்று பார். அடுத்த வியாழக்கிழமை எனக்கே ஓக்வில்லில் அப்படி ஒரு வீடு இருக்கிறது, வருவதானால் சொல், போகிற வழியில் ஏற்றிக்கொள்கிறேன். தடிமனான சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொள், ஒன்று கண்டிப்பாக நனையும்.