‘பிஎஃப்ஓஏ ஃப்ரீ’ சான்றிதழை நம்பி ஃபயர் சூட் வாங்கலாமா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவில் இருக்கிறேன். புதிதாக ஃபயர் சூட் வாங்கப்போகிறோம். ‘பிஎஃப்ஏஎஸ்’ ரசாயனம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, டீலர் ‘பிஎஃப்ஓஏ ஃப்ரீ’ சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நம்பலாமா?

பதில்: நீங்கள் கேட்டது ஒன்று, அவர் அனுப்பியது வேறு. பிஎஃப்ஏஎஸ் என்பது ஃப்ளோரின் சேர்ந்த ஆயிரக்கணக்கான ரசாயனங்களின் குடும்பம். புற்றுநோய் உண்டாக்கும் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை உறுதிசெய்த பிஎஃப்ஓஏ அதில் ஒன்றுதான். அதை விட்டுவிட்டு, அதே குடும்பத்தில் வேறொன்றைப் பூசினாலும் இந்தச் சான்றிதழ் கிடைத்துவிடும்.

பார்க்க வேண்டியவை மேல்துணியின் பூச்சும், நடுவில் ஈரத்தைத் தடுக்கும் சவ்வும். சவ்வு பெரும்பாலும் பிடிஎஃப்இ, அதாவது நான்ஸ்டிக் தவாவில் இருப்பது; அதுவும் பிஎஃப்ஏஎஸ் குடும்பம்தான். டீலர் நீட்டும் லேப் ரிப்போர்ட் மேல்துணிக்கு மட்டும் எடுத்ததாக இருக்கலாம். சவ்வுக்கும் எடுத்திருந்தால்கூட, குறிப்பிட்ட சில ரசாயனங்களை மட்டும் தேடும் சோதனையில் பிடிஎஃப்இ சிக்காது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாக ‘டோட்டல் ஃப்ளோரின்’ அளவு கேளுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள துணியின் பெயரும் லாட் எண்ணும் உங்களுக்கு வரும் சரக்கோடு பொருந்த வேண்டும். யாருக்கோ எடுத்த ரிப்போர்ட்டை ஊரெல்லாம் காட்டுகிறவர்கள் உண்டு.

சாம்பிள் துணியில் ஒரு சொட்டு கடலை எண்ணெய் விட்டுப் பாருங்கள். தண்ணீர் உருண்டு நிற்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிலிக்கான், மெழுகுப் பூச்சிலும் நிற்கும். எண்ணெயே ஊறாமல் நின்றால் ஃப்ளோரின் பூச்சு என்று சந்தேகப்படலாம். சவ்வுக்கு இந்தச் சோதனை உதவாது.

கலிபோர்னியாவில் 2022 முதல், பிஎஃப்ஏஎஸ் சேர்த்த சூட்டை விற்பவர் அதையும் காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். விற்றவரும் வாங்கியவரும் அதை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இங்கே கேட்க நாதியில்லை. ஐஎஸ் 16890 என்ற இந்தியத் தர முத்திரையைக் காட்டி மழுப்புவார்கள். அது தீயையும் வெப்பத்தையும் தாங்குவதற்கான தரம். ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரிலேயே நிபந்தனை போடுங்கள்: எந்த அடுக்கில், எதற்காக பிஎஃப்ஏஎஸ் சேர்த்தார்கள் என்று தயாரிப்பாளரின் லெட்டர்பேடில் கடிதம் வந்த பிறகே பில் பாஸாகும். டீலரின் கையெழுத்து செல்லாது.

ஒன்றை மட்டும் யோசித்து முடிவெடுங்கள். பெயின்ட் ஷாப், டீசல் யார்டு உள்ள ஆலை என்றால், ஃப்ளோரின் இல்லாத மேல்துணி தின்னரையும் டீசலையும் உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த சூட்டோடு நெருப்பருகே போனால் துணியே பற்றும். அப்படிப்பட்ட இடத்தில் மாற்று சூட் கையிருப்பில் வேண்டும். நனைந்ததை உடனே கழற்றித் துவைக்க வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால், மேல்துணியில் பூச்சு இருப்பதைத் தெரிந்தே வாங்குவதில் தவறில்லை.

இப்போது இருக்கும் சூட்டைத் தீயின்போது போடாமல் விடாதீர்கள். ட்ரில், சுத்தம் செய்வது போன்ற வேலைகளுக்குச் சாதாரண யூனிஃபார்ம் போதும். சூட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைக்க வேண்டாம்.