காதுக்குள் ஓலை உரசும் சத்தம்

வணக்கம். ஆத்தங்குடியில் இருக்கிறேன். இயர்போனில் கதை கேட்டுக்கொண்டே பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) முடைவேன். ஒயர் சேலையிலோ ஓலையிலோ பட்டால் போதும், காதுக்குள் 'சரக் சரக்' என்று கேட்கிறது. கதை சொல்பவர் குரலே அமுங்கிப் போகிறது. ஒயர் முழுக்கக் கண்டாங்கி நூலைச் சுற்றிவிடு, சத்தம் நின்றுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. சுற்றலாமா? ப்ளூடூத் வேண்டாம், அடிக்கடி சார்ஜ் போட முடியாது.

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு சோதனை. போனிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, இயர்போனைக் காதில் வைத்தபடியே ஒயரை நகத்தால் சுரண்டுங்கள். அப்போதும் சத்தம் கேட்டால் அது உரசல்தான், கீழே சொல்வது உதவும். கதை ஓடும்போது ஜாக்கை அசைத்தால் மட்டும் கரகரக்கிறது என்றால் உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது. அதற்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது.

தீப்பெட்டி டெலிபோன் நினைவிருக்கும். நூல் இழுத்துப் பிடித்திருந்தால் பேச்சு கேட்கும், தொய்ந்தால் கேட்காது. உங்கள் ஒயரும் அப்படித்தான். கீழே உரசுகிற அதிர்வு ஒயரின் மேலுறை வழியாக ஏறி இயர்போன் கூட்டைத் தொடுகிறது. ரப்பர் நுனி காதை அடைத்திருப்பதால் வெளியே போக வழியில்லாமல் பெருத்துக் கேட்கிறது. காதைப் பொத்திக்கொண்டு சீப்புச் சீடை கடித்தால் கேட்பதும் இதேதான். காதுக்குள் நுழையாத பழைய மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு.

ஆச்சி சொல்வதில் பாதிதான் சரி. மேலே ஏதாவது போர்த்தலாம், ஆனால் நூல் வேண்டாம். நூல் சுற்றிய ஒயர் சேலையில் சொரசொரவென்று மேலும் உரசும். நெருக்கிச் சுற்றினால் ஒயர் விறைக்கும், விறைத்த ஒயர் அதிர்வை இன்னும் நன்றாகக் கடத்தும்.

காசில்லாத வழியை முதலில் பாருங்கள். ஒயரை நேரே கீழே தொங்கவிடாமல் காதுக்கு மேலே ஏற்றி, பின்புறம் வளைத்து, முதுகுப் பக்கம் இறக்குங்கள். ஓலையும் கையும் முன்னால் வேலை செய்யும், ஒயர் பின்னால் கிடக்கும். சாய்ந்த நுனியுள்ள இயர்போன் இப்படிப் போட்டால் காதில் உட்காராது. இடது, வலதை மாற்றிப் போடுங்கள். கதை கேட்க அதனால் குறையில்லை. இரண்டு ஒயரும் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு நூல் வளையம் கட்டி, ஊக்கால் ரவிக்கையின் பின்கழுத்தில் மாட்டுங்கள். முந்தானையில் மாட்டினால் பயனில்லை, அது அசைந்துகொண்டே இருக்கும். ஊக்கு நூலுக்குள்தான் போக வேண்டும், ஒயரைத் தொடக் கூடாது. தலையை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, அதற்கு மேலும் 3 செ.மீ. தொய்வு விடுங்கள். தொல்லையில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். மைக்கும் பின்னால் போவதால் போன் வந்தால் உங்கள் குரல் மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பதற்கு மீன்தொட்டிக் காற்றுக் குழாய். உள்விட்டம் 4 மி.மீ., சிலிக்கான் வகை கேளுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் பி.வி.சி. குழாய் விறைப்பானது, வேண்டாம். 8 செ.மீ.யில் இரண்டு துண்டு போதும். ஒயரில் மாட்ட அதை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீற வேண்டும். பிளேடு மறுபக்கத்தையும் வெட்டிவிடாமல் இருக்க உள்ளே இரண்டு ஈர்க்கை நுழைத்துக்கொள்ளுங்கள். கீறல் நேராக இருக்கட்டும், திருகினால் ஒயர் வெளியே வந்துவிடும்.

இயர்போன் கூட்டிலிருந்து 1 செ.மீ. விட்டு மாட்டுங்கள். குழாய் கூட்டைத் தொட்டால் குழாயில் படுகிற உரசலும் காதுக்கு ஏறும். காதின் மேல் வளையும்போது கீறல் வாய் பக்கவாட்டில் இருக்கட்டும்: வெளிவளைவில் இருந்தால் பிளந்து ஒயர் நழுவும், உள்வளைவில் இருந்தால் தோலைக் கீறும். கீழ் முனையை மட்டும் நூலால் லேசாகக் கட்டுங்கள். ஒயர் உள்ளே தளர்வாக ஆட வேண்டும்.

ஃபெவிக்விக் போடாதீர்கள், ஒயர் உறை விறைத்து வெடிக்கும். கறுப்பு டேப்பும் வேண்டாம், நம்மூர் வெயிலுக்குப் பசை கசிந்து முடியெல்லாம் ஒட்டும். தலை எண்ணெய் பட்டுப் பட்டும் ஒயர் விறைக்கும். காதோரம் போகிற பகுதியை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து உலர விடுங்கள்.